ஜெனெவியேவ்: ஒரு பிரெஞ்சுப் பெண்பெயரின் தோற்றமும் பொருளும் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

பிரெஞ்சு மொழியின் பழம்பெரும் பெண்பெயர்களுள் ஒன்று ஜெனெவியேவ். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரிஸ் நகரப் புனிதர் ஒருவரின் பெயராக இது முதலில் அறியப்படுகிறது. பெயர்க் கையேடுகள் இதற்கு ‘இனத்தின் பெண்’ என்றும் ‘வெண்ணிற அலை’ என்றும் முரண்பட்ட பொருள்களைத் தருகின்றன. இக்கட்டுரை அப்பொருள்களை ஒலியியல், வரலாற்றுச் சான்றுகளின் துணையுடன் மதிப்பிடுகிறது. ஜெர்மானிய வேர், கெல்திய வேர் ஆகிய இரு கருத்துகளும் தம்மளவில் முழுமை பெறவில்லை என்பதையும், பெயரின் முன்பகுதியைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே மூலத்தில் சென்று சேர்கின்றன என்பதையும் நிறுவுகிறது. பெயரின் சொற்பொருள் மறைந்த பின்னும் பாரிஸ் நகரின் வரலாறு அதற்கு வேறொரு பொருளை வழங்கியது என்பதையும், இப்பெயர் தமிழில் ‘ஜெனோவா’ என வழங்கிய முறையையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பெயராய்வு, ஜெனெவியேவ், கோலிய மொழி, பிராங்கியர், பாரிஸ், பாந்தெயோன், ஜெனோவா, இடுகுறிப்பெயர், காரணப்பெயர்

முன்னுரை

மக்கட்பெயர் ஆய்வில் எளிதாகத் தோன்றிக் கடினமாக முடியும் வினா, ‘இப்பெயரின் பொருள் யாது?’ என்பதாகும். பெயர்க் கையேடுகள் இவ்வினாவுக்கு ஒரே வரியில் விடை கூறிவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குப் பின்னே சான்று உண்டா, சான்று எத்தகையது, மாற்றுக் கருத்து உண்டா என்பன அங்கே கூறப்படுவதில்லை. அவ்வரிகளே மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்டு நாளடைவில் உண்மையென நிலைத்துவிடுகின்றன.

தமிழ் இலக்கண மரபு பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்தது. காரணம் அறியப்படும்போது ஒரு பெயர் காரணப்பெயராகிறது. காரணம் அறியப்படாது மரபால் மட்டும் வழங்கும்போது இடுகுறிப்பெயராகிறது. இப்பகுப்பை அயல்மொழிப் பெயர் ஒன்றின்மீது பொருத்திப் பார்க்கும்போது, காரணம் என்பது பெயர் தோன்றிய நாளில் மட்டும் அமைவதா, பின்னரும் ஏற்படக்கூடியதா என்னும் வினா எழுகிறது. ஜெனெவியேவ் என்னும் பெயர் அவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகிறது. இதன் முதல் சொற்பொருள் குறித்து அறிஞர்கள் உடன்படவில்லை. ஆயினும் இப்பெயர் பொருளற்ற பெயராகப் பிரெஞ்சு மக்களிடையே ஒருகாலும் வழங்கியதில்லை.

பிரெஞ்சு மொழியில் இப்பெயரின் முதலொலி தமிழில் இல்லாத ஓர் உரசொலியாகும். புதுச்சேரி வழக்கிலும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்ப்போரிடத்தும் இவ்வொலி ழகரத்தால் குறிக்கப்படுவதுண்டு. பரவலான வாசிப்புக்கு ஏற்ப இக்கட்டுரையில் ஜகரம் பயன்படுத்தப்படுகிறது.

1. பழைய வடிவமும் அதன் சான்றுகளும்

இப்பெயரின் அறியப்பட்ட மிகப் பழைய வடிவம் ‘ஜெனொவெஃபா’ என எழுதத்தக்க இலத்தீன் வடிவமாகும். பழைய இலத்தீனில் முதலெழுத்து ககரத்தின் மெலிந்த ஒலியைப் பெற்றிருந்தது. ஆதலின் ‘கெனொவெஃபா’ என்பதே தொடக்கக்கால ஒலிப்புக்கு நெருக்கமானது. ஒலிமாற்றத்தை விளக்கும் இடங்களில் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

பெயருக்கு உரியவர் பாரிசுக்கு மேற்கே உள்ள நாந்தேர் என்னும் ஊரில் ஏறத்தாழ 420ஆம் ஆண்டில் பிறந்தவர். இவரைப் பற்றிய முதன்மைச் சான்று, பெயர் அறியப்படாத ஆசிரியர் ஒருவர் இலத்தீனில் இயற்றிய வாழ்க்கை வரலாறு ஆகும். புனிதர் இறந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் தாம் எழுதுவதாக அவ்வாசிரியரே குறிப்பிடுகிறார். இதன் நம்பகத்தன்மை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடுமையாக ஐயுறப்பட்டது. 1896இல் இதனைப் பதிப்பித்த ஜெர்மானிய அறிஞர் புருனோ குருஷ், இது பிற்காலத்தில் புனையப்பட்டது எனக் கருதினார். பெல்ஜிய வரலாற்றறிஞர் கோதுஃபுருவா குர்த் அக்கருத்தை மறுத்தார். 1986இல் மார்ட்டின் ஹைன்செல்மன், ஜோசப்-குளோத் புலன் ஆகியோர் வெளியிட்ட விரிவான ஆய்வு, இந்நூல் ஏறத்தாழ 520ஆம் ஆண்டைச் சார்ந்தது என்னும் கருத்தை வலுப்படுத்தியது.

இவ்விவாதம் பெயராய்வுக்கும் முக்கியமானது. நூல் பிற்காலத்தது எனின், பெயரின் வடிவமும் பிற்காலத்தது எனக் கொள்ள இடமுண்டு. இவ்வையத்தைப் போக்கத் தனிச்சான்று ஒன்று உள்ளது. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த தூர் நகர ஆயர் கிரகோரி, பாரிசில் உள்ள இவரது கல்லறையைக் குறித்துத் தம் நூலில் எழுதியுள்ளார். எனவே வாழ்க்கை வரலாற்றின் காலம் எதுவாயினும், 6ஆம் நூற்றாண்டில் இப்பெயர் பாரிசில் நன்கு அறியப்பட்டிருந்தது என்பது உறுதியாகிறது.

2. வேர் குறித்த மூன்று கருத்துகள்

2.1 வேல்சு மொழித் தொடர்பு

ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் அரசியின் பெயர் வேல்சு மொழியில் குவென்ஹுய்வர் என வழங்குகிறது. ‘வெண்மை’ என்னும் பொருளுடைய சொல் இதன் முன்பகுதியாகும். ஆங்கிலத்தின் ஜெனிஃபர், இத்தாலியத்தின் ஜினேவ்ரா ஆகியவை இப்பெயரின் வழிவந்தவை. ஒலிப்பு ஒற்றுமையைக் கொண்டு ஜெனெவியேவ் என்பதையும் இவற்றோடு இணைத்து, ‘வெண்ணிற அலை’ முதலிய பொருள்களைக் கையேடுகள் கூறுகின்றன.

இக்கருத்து ஒலியியலின்படி நிற்பதன்று. வேல்சு மொழியின் ‘குவென்’ என்பது பழங்கெல்திய ‘விந்தோ’ என்பதன் வளர்ச்சியாகும். வகரத்தின் முன் ககரம் தோன்றியது வேல்சு முதலிய பிரித்தானியக் கெல்திய மொழிகளில் பிற்காலத்தில் நிகழ்ந்த மாற்றம். கோல் நாட்டில் அச்சொல் ‘விந்தோ’ என்றே வழங்கியது. 5ஆம் நூற்றாண்டு நாந்தேரில் ‘வெண்மை’ என்னும் பொருளில் ஒரு பெயர் அமைந்திருப்பின், அது வகரத்தில் தொடங்கியிருக்க வேண்டும். எனவே ஜெனெவியேவ், ஜெனிஃபர் என்னும் இரண்டும் ஒலியால் நெருங்கியவையேயன்றி ஒரு வேரிலிருந்து கிளைத்தவை அல்ல.

இதே போன்ற மயக்கம் ஊர்ப்பெயர்களாலும் நேர்கிறது. சீசரின் நூலில் ‘கெனவா’ எனக் குறிக்கப்பெறும் ஜெனீவா நகரும், இலத்தீனில் ‘கெனுவா’ எனப்பட்ட இத்தாலியின் ஜெனோவா நகரும் இப்பெயருக்கு மூலமாகா. இரண்டிலும் இப்பெயரின் பின்பகுதிக்கு இடமில்லை.

2.2 ஜெர்மானிய வேர்

கையேடுகளில் மிகுதியாக இடம்பெறும் ‘இனத்தின் பெண்’ என்னும் பொருள் இக்கருத்தின்வழி வந்ததாகும். ‘இனம், குடி’ எனப் பொருள்படும் ‘குனி’ என்னும் சொல் முன்பகுதி எனவும், ‘பெண்’ எனப் பொருள்படும் ‘வீஃப்’ என்னும் சொல் பின்பகுதி எனவும் கொள்ளப்படுகின்றன. முதலாவது கோத்திய மொழியில் ‘குனி’ என்றும், இரண்டாவது பழைய ஆங்கிலத்தில் ‘வீஃப்’, பழைய உயர்ஜெர்மனில் ‘வீப்’ என்றும் வழங்கின.

பொருள் நிலையில் இஃது ஏற்புடையதாகத் தோன்றினும் வடிவ நிலையில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, ‘குனி’ என்னும் சொல்லை முன்பகுதியாகக் கொண்ட பெயர்கள் பிரெஞ்சில் வல்லொலியையும் உகரத்தையும் இழக்கவில்லை. குனிகுண்டே என்னும் ஜெர்மானியப் பெயர் பிரெஞ்சில் குனெகோந்த் என்றே ஆயிற்று. ‘குனி’ என்பது இங்கு மட்டும் ‘கெனொ’ ஆனது ஏன் என்பதற்கு விளக்கம் தேவைப்படுகிறது. எகரத்தைப் பெற்ற வேறொரு வடிவத்தை ஊகித்தே இதற்கு விடை கூறப்படுகிறது. இரண்டாவது, ஜெர்மானியப் பெண்பெயர்களின் பின்பகுதியாகப் போர், வலிமை, காப்பு முதலியவற்றைக் குறிக்கும் சொற்களே பெருவழக்கு. குளோத்தில்தா, பிருன்ஹில்தா, ரதெகுண்டா, கெர்த்ரூத் என்னும் பெயர்கள் இதற்குச் சான்றாகும். ‘பெண்’ என்னும் பொதுச்சொல் பெயரின் பின்பகுதியாக வருதல் அம்மரபில் அரிது. மூன்றாவது தடை உயிரொலி பற்றியது. அது பின்னர் விளக்கப்படும்.

2.3 கெல்திய வேர்

கோல் நாட்டில் உரோமரின் ஆட்சிக்கு முன்னர் வழங்கிய கோலிய மொழியில் ‘பிறப்பு, குடி’ என்னும் பொருளில் ‘கெனொஸ்’ என்னும் சொல் இருந்தது. மக்கட்பெயர்களில் இது பயின்று வந்துள்ளது. பாரிஸ் நகரின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று கிடைக்கிறது. கி.மு. 52இல் உரோமப் படைத்தலைவன் லபியேனுஸ் லுத்தேசியா எனப்பட்ட அந்நகரை நோக்கி வந்தபோது எதிர்த்து நின்ற கோலியத் தலைவனின் பெயர் கமுலோகெனுஸ். ‘கமுலோஸ் என்னும் தெய்வத்தின் வழிப்பிறந்தவன்’ என அப்பெயர் பொருள்படும். ஆகவே ‘கெனொ’ என்னும் முன்பகுதியைக் கோலிய மொழியினதாகக் கொள்ளும்போது ஒலித்தடை எதுவும் எழுவதில்லை.

இக்கருத்தின் குறை பின்பகுதியில் உள்ளது. ‘வெஃபா’ என்பதற்கு நிறைவான கெல்திய விளக்கம் இதுவரை அளிக்கப்படவில்லை. அதிலுள்ள ஃப் என்னும் உரசொலி கோலிய மொழியின் இயல்பான ஒலியன் அன்று. ஜெர்மானிய விளக்கத்திற்கு முன்பகுதி இடராக அமைவது போலவே, கெல்திய விளக்கத்திற்குப் பின்பகுதி இடராக அமைகிறது.

2.4 இரு கருத்துகளும் சேருமிடம்

கோலிய ‘கெனொஸ்’, இலத்தீன் ‘கெனுஸ்’, கிரேக்க ‘கெனொஸ்’, ஜெர்மானிய ‘குனி’ ஆகிய அனைத்தும் ‘பிறத்தல், ஈனுதல்’ எனப் பொருள்படும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேரின் மெல்லொலி ஜெர்மானிய மொழிகளில் வல்லொலியாக மாறியது. சமற்கிருதத்தின் ‘ஜன’ என்பதும் இவ்வேரைச் சார்ந்ததே. தமிழில் வழங்கும் ‘ஜனம்’, ‘ஜனனம்’ என்னும் வடசொற்களுக்கும் இப்பெயரின் முன்பகுதிக்கும் தொலைவான உறவு உண்டு என்பது இதனால் பெறப்படுகிறது.

இதனால் ஒரு தெளிவு ஏற்படுகிறது. பெயர் கெல்தியமாயினும் ஜெர்மானியமாயினும் அதன் முன்பகுதி பிறப்பையும் குடியையும் சுட்டுவதே. கருத்து வேறுபாடு உண்மையில் பின்பகுதியைப் பற்றியதேயாகும். ‘பெண்’ என்னும் பொருள் ஒரு கருதுகோள் மட்டுமே. அதனை முடிந்த முடிபாகக் கூறுதல் பொருந்தாது.

3. பிரெஞ்சு வடிவம் தரும் சான்று

ஜெனொவெஃபா என்னும் வடிவம் ஜெனெவியேவ் ஆனது பிரெஞ்சு ஒலிவளர்ச்சி விதிகளுக்கு உட்பட்டே நிகழ்ந்துள்ளது. எகரத்தின் முன் நின்ற பழைய ககர மெல்லொலி உரசொலியாயிற்று. இலத்தீன் ‘கெந்தெம்’ பிரெஞ்சில் ‘ஜான்’ என ஒலிக்கப்படுவது போன்றதே இதுவும். அசையழுத்தம் பெறாத ஒகரம் மெலிந்து, அன்றாடப் பேச்சில் மறையும் அளவுக்குக் குறைந்தது. உயிர்களுக்கிடையில் நின்ற ஃப் என்னும் ஒலி வகரமாயிற்று. ஈற்று அகரம் தேய்ந்தது.

இவற்றுள் முதன்மையானது அழுத்தம் பெற்ற உயிரின் மாற்றமாகும். இலத்தீனின் குறில் எகரம் திறந்த அசையில் அழுத்தம் பெறும்போது பிரெஞ்சில் ‘இயெ’ என இணையுயிராக விரிகிறது. முயலைக் குறிக்கும் ‘லெபொரெம்’ என்பது ‘லியேவ்ர்’ ஆயிற்று. காய்ச்சலைக் குறிக்கும் ‘ஃபெப்ரெம்’ என்பது ‘ஃபியேவ்ர்’ ஆயிற்று. மாறாக, நெடில் ஈகாரம் இகரமாகவே நிலைபெற்றது. ஆற்றங்கரையைக் குறிக்கும் ‘ரீபா’ என்பது ‘ரீவ்’ ஆயிற்று.

ஜெனெவியேவ் என்பதில் ‘இயே’ காணப்படுவதால், மூலத்தில் நின்ற உயிர் குறில் எகரமாக இருந்திருத்தல் வேண்டும். ஆனால் ‘பெண்’ எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லில் உள்ளது நெடில் ஈகாரம். அச்சொல்லே மூலமாக இருந்திருப்பின், பெயர் ‘ஜெனெவீவ்’ என்பது போன்ற வடிவத்தை அடைந்திருக்க வேண்டும். இதுவே மேலே சுட்டப்பெற்ற மூன்றாவது தடையாகும். திருச்சபை வழிபாட்டில் இலத்தீன் வடிவமாகவே நெடுங்காலம் வழங்கிய பெயர் என்பதால், மக்கள் வழக்கின் விதிகள் இதில் முற்றிலும் தடையின்றிச் செயற்பட்டன எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் ‘இனத்தின் பெண்’ என்னும் விளக்கத்தை ஐயமின்றி ஏற்போர் இச்சான்றுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

பிற மொழிகளில் இப்பெயர் இலத்தீன் வடிவத்தை ஒட்டியே நிற்கிறது. இத்தாலியத்தில் ஜெனொவெஃப்பா, போலந்து மொழியில் கெனொவெஃபா, பிரெத்தோன் மொழியில் ஜெனொவெஃபா என்பன ஃப் ஒலியைக் காத்துள்ளன. பிரெஞ்சில் மட்டுமே இணையுயிர் தோன்றியுள்ளது. 20ஆம் நூற்றாண்டில் பரவலாக வழங்கிய ஜினெத் என்னும் பெயர், ஜெனெவியேவின் செல்லப்பெயராகத் தோன்றிப் பின்னர்த் தனிப்பெயரானதாகும்.

4. பெற்றோர் பெயரும் குடிவழியும்

வாழ்க்கை வரலாற்றின்படி புனிதரின் தந்தை பெயர் செவெருஸ். தாய் பெயர் ஜெரோந்தியா. முன்னது இலத்தீன், பின்னது கிரேக்கம். உரோமப் பண்பாட்டில் தோய்ந்த குடும்பம் என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன. அக்குடும்பத்தில் மகளுக்கு மட்டும் இலத்தீனோ கிரேக்கமோ அல்லாத பெயர் இடப்பட்டது ஏன் என்பது ஆராயத்தக்கது.

உரோமப் பெயர் தாங்கியோர் அனைவரும் உரோமக் குடியினர் அல்லர். 4ஆம் நூற்றாண்டு முதலே பிராங்கியர் பலர் உரோமப் படையில் உயர்பதவி வகித்தனர். 355இல் தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்ட சில்வானுஸ் பிராங்கியக் குடியினன். அவன் தந்தையின் பெயர் போனித்துஸ். தந்தை, மகன் இருவர் பெயரும் இலத்தீனே. எனவே செவெருஸ் என்பவர் உரோமப் பணியில் இருந்த பிராங்கியராக இருந்திருக்கலாம் என்னும் கருத்துக்கு இடமுண்டு. கோலியக் குடியினர் ஒருவர் தம் முன்னோர் மரபை ஒட்டிப் பெயரிட்டிருக்கலாம் என்பதும் அதே அளவு பொருந்துவதே. பெற்றோர் பெயர்களைக் கொண்டு மகளின் பெயருக்குரிய மொழியை உறுதிசெய்ய இயலாது என்பதே இதனால் அறியப்படுவது.

பாரிசின் காவலராகிய இப்பெண் கோலியரா, ஜெர்மானியரா என்னும் வினா 1870–71ஆம் ஆண்டுப் போருக்குப் பின் வெறும் சொல்லாய்வு வினாவாக மட்டும் நிற்க இயலவில்லை. தொன்மைக்கால மக்களைத் தற்கால நாடுகளின் முன்னோராகக் காணும் போக்கு இருபுறத்தும் இருந்தது. 5ஆம் நூற்றாண்டின் வட கோல் நாடோ இலத்தீன், கோலிய எச்சங்கள், பிராங்கிய மொழி ஆகியன கலந்து வழங்கிய நிலப்பகுதியாகும். அங்கே தோன்றிய பெயர் ஒன்றின் முற்பகுதி கெல்திய மொழிக்கும், பிற்பகுதியின் மெய்யொலி ஜெர்மானியத்துக்கும் இசைந்து நிற்பதை அக்கலப்பின் அடையாளமாகக் கொள்ளுதல் சான்றுகளோடு கூடுதலாகப் பொருந்துகிறது.

5. பெயருக்கு வரலாறு தந்த பொருள்

சொற்பொருள் எதுவாயினும், பாரிஸ் மக்களுக்கு இப்பெயர் ‘நகரைக் காத்தவர்’ என்னும் பொருளையே தந்தது. அப்பொருள் உருவான முறையை வாழ்க்கை வரலாறு காட்டுகிறது. 429இல் பிரித்தானியாவுக்குச் செல்லும் வழியில் ஒசேர் நகர ஆயர் ஜெர்மானுஸ் நாந்தேரில் தங்கினார். சிறுமியாக இருந்த ஜெனெவியேவை இறைபணிக்கு வாழ்த்தி, சிலுவை பொறித்த செப்புக்காசு ஒன்றை அணியுமாறு அளித்தார். 451இல் அத்திலாவின் தலைமையில் ஊணர் படை நெருங்கியபோது, மக்கள் நகரைவிட்டு வெளியேற முற்பட்டனர். ஜெனெவியேவ் அவர்களைத் தடுத்து, பெண்களைத் திரட்டி நோன்பிலும் வேண்டுதலிலும் ஈடுபடுத்தினார். சினமுற்றோர் சிலர் அவரைக் கொல்லவும் எண்ணினர். ஊணர் படை பாரிசைத் தாக்காது ஓர்லியான் நோக்கிச் சென்றது.

பிராங்கியர் பாரிசைச் சூழ்ந்து உணவு தட்டுப்பட்ட காலத்தில், அவர் சென் ஆற்றின் வழியே படகுகளில் சென்று ஆர்சி, துருவா ஆகிய ஊர்ப்பகுதிகளிலிருந்து தானியம் கொண்டுவந்தார். இச்செயல் வேண்டுதலால் மட்டும் நிகழ்வதன்று. ஆற்றுப் போக்குவரத்து, தானியக் கொள்முதல், பங்கீடு ஆகியவற்றில் அதிகாரம் உடையவருக்கே இயல்வது. நகராட்சிப் பொறுப்புக்குரிய குடும்பநிலை அவருக்கு இருந்திருத்தல் வேண்டும் என ஹைன்செல்மன் கருதுவதற்கு இத்தகைய செய்திகளே அடிப்படை.

அவர் எண்பது வயதைக் கடந்து இறந்தார். சனவரி 3 அவரது திருநாளாகும். அவர் அடக்கம் செய்யப்பட்ட குன்றின்மீது அரசன் குளோவிசும் அரசி குளோத்தில்தாவும் எழுப்பிய கோவில், பேதுரு, பவுல் என்னும் திருத்தூதர் பெயரில் அமைந்தது. நாளடைவில் மக்கள் வழக்கு திருத்தூதர் பெயர்களைப் பின்தள்ளி, கோவிலையும் குன்றையும் ஜெனெவியேவின் பெயராலேயே அழைத்தது.

1129இல் பூஞ்சை பற்றிய தானியத்தால் உண்டான ‘எரிநோய்’ பாரிசில் பரவியபோது, அவரது எச்சங்கள் அடங்கிய பேழை ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. நகருக்கு இடர் நேரும்போதெல்லாம் பேழையை இறக்கி ஊர்வலம் நடத்துவது வழக்கமாயிற்று. 1694, 1725 ஆகிய ஆண்டுகளின் ஊர்வலங்கள் விளைச்சல், உணவு பற்றிய அச்சத்தின்போது நடந்தவை. முன்னர்த் தானியம் கொண்டுவந்தவரிடமே பின்னரும் தானியம் வேண்டப்பட்டது.

6. பெயர் நிலைத்தமைக்குச் சட்டமும் ஒரு காரணம்

ஒரு பெயர் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் வழங்கிவருவதற்குப் பக்தி மட்டும் காரணமாகாது. திருமுழுக்கின்போது புனிதர் பெயரை இடுதல் கத்தோலிக்க மரபில் வலியுறுத்தப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1803ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாளிட்ட சட்டம், நாட்காட்டிகளில் வழங்கும் பெயர்களையும் பழைய வரலாற்றில் அறியப்பட்டோரின் பெயர்களையும் மட்டுமே பிறப்புப் பதிவேட்டில் ஏற்கலாம் என வரையறுத்தது. புரட்சிக்காலத்தில் புதியனவாகப் புனைந்து இடப்பட்ட பெயர்களுக்கு எதிராக வந்த இச்சட்டம், சமயச் சார்பற்ற அரசே புனிதர் நாட்காட்டியின் பெயர்களைக் காக்கும் நிலையை உண்டாக்கியது. 1993ஆம் ஆண்டுச் சட்டமே பெற்றோருக்கு முழு உரிமையை வழங்கியது. ஜெனெவியேவ் என்னும் பெயர் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெருவழக்காக இருந்து, பிற்பாதியில் அருகியது.

7. பிரபாந்தின் ஜெனெவியேவும் தமிழின் ஜெனோவாவும்

இப்பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பியது பாரிஸ் புனிதரின் வரலாறு மட்டுமன்று. பிரபாந்து நாட்டு ஜெனெவியேவ் என்னும் கதைத்தலைவியின் கதையும் அதே அளவு பரவியது. கணவன் சீக்ஃப்ரீது போருக்குச் சென்றிருக்கையில், அவனுடைய பணித்தலைவன் கோலோ அவள்மேல் தகாத விருப்பம் கொள்கிறான். அவள் இணங்காமையால் கற்பு நெறி தவறினாள் எனப் பழி சுமத்துகிறான். கொலைத் தண்டனையிலிருந்து தப்பிய அவள் காட்டுக் குகையில் மகனுடன் வாழ, பெண்மான் ஒன்று குழந்தைக்குப் பாலூட்டுகிறது. ஆண்டுகள் பல கழிந்து வேட்டைக்கு வந்த கணவன் உண்மையை அறிகிறான். 1256இல் கணவனின் ஐயத்தால் கொல்லப்பட்ட பிரபாந்தின் மேரி என்னும் இளவரசியின் வரலாறு இக்கதைக்கு ஒரு தூண்டுகோல் எனக் கருதப்படுகிறது. வரலாற்றில் மேரியாக இருந்தவர் கதையில் ஜெனெவியேவ் ஆயினார்.

17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவி ரெனே த செரிசியே இக்கதையைப் பிரெஞ்சு உரைநடையில் எழுதினார். ஜெர்மனியில் தீக், ஹெபல் ஆகியோர் நாடகமாக்கினர். சூமன் இயற்றிய இசைநாடகம் 1850இல் அரங்கேறியது. கிறிஸ்தோஃப் ஃபோன் ஷ்மித் சிறுவர்க்கென எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

இக்கதை தமிழ்த் திரைக்கும் வந்தது. எஃப். நாகூர் இயக்கத்தில், எம்.ஜி.ஆர்., பி.எஸ். சரோஜா நடிப்பில் 1953இல் மலையாளத்திலும் தமிழிலும் வெளிவந்த ‘ஜெனோவா’ இக்கதையைத் தழுவியதாகும். பழிசுமத்தப்பட்டுக் காட்டில் மகவை வளர்க்கும் அரசி என்னும் கதைக்கூறு, சீதையின் இரண்டாம் வனவாசத்தை அறிந்த மக்களுக்கு அயன்மைத்தன்மை உடையதாக இருந்திருக்க முடியாது.

பெயரின் தமிழ் வடிவம் தனியே கருதத்தக்கது. ஜெனொவேவா என்னும் வடிவத்தில் அடுத்தடுத்து நிற்கும் ‘வே’, ‘வா’ என்னும் ஒத்த அசைகளுள் ஒன்று கெட்டு ‘ஜெனோவா’ ஆயிற்று எனலாம். இதனால் தமிழில் இப்பெயரும் இத்தாலிய நகரப்பெயரும் ஒரே வடிவம் பெற்றன. நகரின் பெயரே பெண்ணுக்கு இடப்பட்டது எனக் கருதுவது இவ்வொற்றுமையால் எழும் பிழை.

தமிழ்க் கத்தோலிக்க மரபு பொருள் விளங்கிய பெயர்களைத் தமிழாக்கிக் கொண்டது. முடி எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரைக் கொண்ட ஸ்தேவான் முடியப்பர் ஆனார். சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். இறையருளைச் சுட்டும் யோவான் அருளப்பர் ஆனார். ஜெனெவியேவ் இவ்வரிசையில் இடம்பெறாது ஒலிபெயர்ப்பாகவே நின்றது. பொருள் தெளிவுபடாத பெயரை மொழிபெயர்க்க இயலாது என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

8. பாந்தெயோனும் பெயரின் மீள்வரவும்

1744இல் நோயுற்ற மன்னன் 15ஆம் லூயி, உடல்நலம் பெற்றால் ஜெனெவியேவுக்குப் புதிய கோவில் எழுப்புவதாக நேர்ந்துகொண்டான். சூஃப்லோ என்னும் கட்டடக்கலைஞரின் திட்டப்படி 1764இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி முடிக்கும் வேளையில் புரட்சி மூண்டது. 1791இல் அக்கட்டடம் நாட்டின் பெருமக்களுக்குரிய நினைவிடமாக, ‘பாந்தெயோன்’ என்னும் பெயரில் மாற்றப்பட்டது. 1793இல் புனிதரின் எச்சங்கள் எரிக்கப்பட்டன, பேழை உருக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆட்சிகள் மாறுந்தோறும் அக்கட்டடம் கோவிலாகவும் நினைவிடமாகவும் மாறிமாறி விளங்கியது. 1885இல் விக்தோர் யூகோவின் இறுதிச் சடங்கோடு நினைவிடம் என்னும் நிலை உறுதியாயிற்று. ஆயினும் 1870களில் பியூவி த ஷவான் தீட்டத் தொடங்கிய ஜெனெவியேவ் வாழ்க்கை ஓவியங்கள் இன்றும் அதன் சுவர்களில் உள்ளன.

2015ஆம் ஆண்டு மே 27 அன்று அதே கட்டடத்தில் ஜெனெவியேவ் த கோல்-அந்தோனியோஸ் பெருமைப்படுத்தப்பட்டார். 1920இல் பிறந்த இவர் தளபதி த கோலின் உடன்பிறந்தார் மகள். நாசி ஆக்கிரமிப்பை எதிர்த்து 1943இல் கைதாகி, ராவென்ஸ்புருக் வதைமுகாமில் அடைக்கப்பட்டார். விடுதலைக்குப் பின் வறியோருக்கான இயக்கம் ஒன்றை 1964 முதல் 1998 வரை தலைமையேற்று நடத்தினார். அவரது உடல் எடுத்துவரப்படவில்லை. கல்லறை மண்ணே பேழையில் வைக்கப்பட்டது. அவருடன் பெருமைப்படுத்தப்பட்ட மற்றொரு பெண் ஜெர்மேன் தியோன். ஜெர்மேன் என்பது, நாந்தேர்ச் சிறுமியை வாழ்த்திய ஆயர் ஜெர்மானுசின் பெயருக்குரிய பெண்பால் வடிவம்.

இப்பெயர் ஒற்றுமைகள் தற்செயலானவையே. எனினும் எச்சங்கள் எரிக்கப்பட்டு, கோவிலின் பெயரும் நீக்கப்பட்ட இடத்தில், ஆக்கிரமிப்பை எதிர்த்தும் வறியோர்க்கு உழைத்தும் வாழ்ந்த ஒருவரின் பெயராக ஜெனெவியேவ் மீண்டும் பொறிக்கப்பட்டதைப் பிரெஞ்சு மக்கள் பொருளற்றதாகக் காண இயலாது. அத்திலாவின் முன் நின்றவர், படகில் தானியம் கொணர்ந்தவர் என்னும் பழம்பொருள்கள் அப்பெயரில் ஏற்கெனவே படிந்திருந்தன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. ‘வெண்ணிற அலை’ என்னும் பொருள் வேல்சு மொழிப் பெயரோடு நேர்ந்த மயக்கத்தின் விளைவு, அது நீக்கத்தக்கது. ‘இனத்தின் பெண்’ என்னும் பொருள் முன்பகுதியில் ஏற்புடையது; பின்பகுதியில் பிரெஞ்சு உயிரொலிச் சான்றால் வலுவிழக்கிறது. கெல்திய விளக்கம் முன்பகுதிக்குத் தடையின்றிப் பொருந்தினும் பின்பகுதியை விளக்கவில்லை. இரு கருத்துகளுக்கும் பொதுவாய் எஞ்சுவது, பிறப்பையும் குடியையும் சுட்டும் வேர் ஒன்றேயாகும். கையேடுகள் கூறத்தக்கதும் அவ்வளவே.

தோன்றிய காலத்தில் காரணப்பெயராக இருந்திருக்கக்கூடிய இது, காரணம் மறந்தபின் இடுகுறியாயிற்று. பின்னர் அப்பெயரைத் தாங்கியவரின் செயலால் புதிய காரணம் பெற்றது. தன் மகளுக்கு இப்பெயரை இட்ட பாரிஸ்வாசி கோலிய வேரையோ பிராங்கிய வேரையோ கருதவில்லை. நகரைக் காத்த பெண்ணையே கருதினார். மக்கட்பெயரின் பொருளை வேர்ச்சொல்லில் மட்டும் தேடும் முறை இப்பகுதியைக் காணாது விட்டுவிடுகிறது. தமிழ் மக்கட்பெயர்களை, குறிப்பாகச் சமயம் மாறியும் கடல் கடந்தும் வந்து தமிழில் கலந்த பெயர்களை ஆராய்வோர், வேரையும் வழக்கையும் தனித்தனியே சான்று காட்டி நிறுவுதல் பயன்தரும்.